செல்லில் இன்னும் உயிர் இருக்கிறதா? பழைய முள் டெஸ்டரை வாங்குவதும் பயன்படுத்துவதும்

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பின்மூடியைக் கழற்றி, செல்லை விரலால் ரெண்டு உருட்டு உருட்டி, மூடி, மறுபடி அழுத்திப் பார்ப்போம். அதற்கும் மசியவில்லை என்றால் டிராயரைத் திறந்து, அதில் கிடக்கிற செல்களில் எதையோ இரண்டை எடுத்துப் போடுவோம். அதில் எது புதுசு, எது செத்தது, எது அரை உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஒரு நொடியில் பதில் சொல்லும் சின்னக் கருவிதான் பேட்டரி டெஸ்டர். ஒரு முள், சிவப்பு பச்சை என்று வண்ணம் பூசிய ஒரு முகப்பு, செல்லை வைக்க இரண்டு தகடு, அவ்வளவுதான் அதன் உருவம். பழைய முள் டெஸ்டர்களைச் சேர்க்கும் ஆசை எனக்கு உண்டு. புதிதாக இதில் கால் வைப்பவர்கள் முதலில் கேட்பது, "கையில் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு?" என்பதுதான். (வோல்ட், மின்னோட்டம், தடை எல்லாவற்றையும் எண்ணாகக் காட்டும் கருவிதான் மல்டிமீட்டர்.) அந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன வாரம் என் மேசையில் இரண்டு ஏஏ செல்கள். மல்டிமீட்டரில் ஒன்று 1.58 வோல்ட், இன்னொன்று 1.41 வோல்ட் காட்டியது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது செல் கொஞ்சம் பழசு, ஆனாலும் தேறும் என்றுதான் யாரும் சொல்வார்கள். இரண்டையும் பழைய டெஸ்டரில் வைத்தேன். முதல் செல்லுக்கு முள் விறுவிறுவென்று ஏறிப் பச்சைக்குள் போய் அசையாமல் நின்றது. இரண்டாவதற்கு மஞ்சள் வரை எட்டிப் பார்த்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே மெதுவாகச் சரிந்து சிவப்பில் இறங்கிவிட்டது. ஒரே செல்லை இரண்டு கருவிகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன, ஆனால் இரண்டுமே பொய் சொல்லவில்லை.

மல்டிமீட்டர் செல்லிடமிருந்து கிட்டத்தட்ட எதையும் கேட்பதில்லை. அதன் உள்ளே நுழையும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம், பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை 10 மெகாஓம் என்பதால். உட்கார்ந்திருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது மாதிரி அது. டெஸ்டர் அப்படி இல்லை, தோளில் ஒரு மூட்டையை ஏற்றி நாலு அடி நடக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பார்க்கிறது. அந்த மூட்டைதான் சுமை, பேச்சு வழக்கில் லோடு. டெஸ்டரைத் திறந்து பார்த்தால் முள் மீட்டருக்கு இணையாக ஒரு சின்ன மின்தடை ஒட்ட வைத்திருப்பது தெரியும். அதை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 வோல்ட் செல்லை வைத்தவுடன் அதன் வழியாக சுமார் 150 மில்லிஆம்பியர் ஓடத் தொடங்குகிறது, ஒரு சின்ன டார்ச் பல்பு இழுக்கிற அளவு.

இப்போது செல்லுக்குள் இருக்கிற ஒரு விஷயம் வெளியே வருகிறது. ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளேயே ஒரு தடை உண்டு, உள்மின்தடை என்பார்கள். செல் புதிதாக இருக்கும்போது அது மிகக் குறைவு, ஏஏ அல்கலைன் செல்லில் ஒரு ஓமில் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி. செல் தீரத் தீர, உள்ளே இருக்கும் ரசாயனம் மாற மாற, ஈரம் காயக் காய இது ஏறிக்கொண்டே போகும். புது செல்லின் 1.58 வோல்ட்டை 0.2 ஓம் உள்தடையோடும் 10 ஓம் சுமையோடும் கணக்குப் போட்டால் வெளியே 1.55 வோல்ட் வருகிறது, அதாவது ஒன்றும் குறையவில்லை. அந்த 1.41 வோல்ட் செல்லுக்கு உள்தடை 4 ஓமாக ஏறியிருந்தால் அதே சுமையில் வெளியே கிடைப்பது 1.01 வோல்ட்தான். மீதி 0.4 வோல்ட் செல்லுக்குள்ளேயே வீணாகிறது. சுமை இல்லாதபோது மின்னோட்டமும் இல்லை, அதனால் இந்த இழப்பும் தலைகாட்டுவதில்லை. மல்டிமீட்டர் ஏமாறுவது இங்கேதான். டெஸ்டரின் முகப்பில் நாம் பார்க்கும் சிவப்பும் பச்சையும் வேலை செய்துகொண்டிருக்கும் செல்லின் வோல்ட்டேஜ். இந்த ஒரு வரி புரிந்தால் உங்களுக்கு டெஸ்டர் புரிந்துவிட்டது.

முள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது நடந்துகொள்ளும் விதத்தையும் பாருங்கள். டக்கென்று ஏறி நின்றால் ஆரோக்கியமான செல். ஏறிவிட்டு வழுக்கிக்கொண்டே வந்தால், சும்மா கிடந்த நேரத்தில் கொஞ்சம் தெம்பு தேற்றிக்கொண்ட, ஆனால் உண்மையில் தீர்ந்துபோன செல். இதனால்தான் நேற்று நின்றுபோன பொம்மை இன்று காலையில் இரண்டு நிமிடம் ஓடிவிட்டு மறுபடி நிற்கிறது. ஐந்து வினாடி வைத்துப் பார்த்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் நீங்கள் செல்லைச் சோதிக்கவில்லை, செலவழிக்கிறீர்கள். குளிரில் கிடந்த செல்லை உடனே சோதித்தால் குறைவாகக் காட்டும், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வையுங்கள்.

முகப்பில் எழுதியிருப்பது ஒரு காலத்தின் கதை

சேகரிப்பு என்று வரும்போது என்னை இழுப்பது இதுதான். டெஸ்டரின் முகப்பில் என்னென்ன பேட்டரி எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே, அதைச் செய்த காலத்தில் வீட்டில் என்னென்ன ஓடியது என்று சொல்லிவிடலாம்.

மிகப் பழைய வகை, பார்க்க அப்படியே சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி இருக்கும். நிக்கல் முலாம் பூசிய வட்டக் கூடு, மேலே ஒரு வளையம், கீழே ஒரு கட்டையான ஊசி, பக்கவாட்டிலிருந்து துணி சுற்றிய ஒரு சிறு ஒயர். எவரெடி, ரீட்ரைட் என்ற பெயர்கள் இதில் அடிக்கடி கண்ணில் படும். முகப்பில் வோல்ட் மட்டுமில்லாமல் ஆம்பியரும் இருக்கும், அதுவும் 30, 35 ஆம்பியர் வரை! வீட்டு பேட்டரிக்கு எதற்கு 30 ஆம்பியர் என்று முதலில் எனக்கும் திகைப்பாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அழைப்பு மணிக்கும், தொலைபேசிக்கும், ஆரம்ப காலக் கார்களின் தீப்பொறிக்கும் பயன்பட்டது ஆறு அங்குல உயர உலர் செல். 1896இல் கொலம்பியா என்ற பெயரில் பெருமளவில் உற்பத்திக்கு வந்த வகை அது, பிறகு 6ஆம் எண் செல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதைச் சோதிக்கும் முறை சற்றே முரட்டுத்தனமானது. ஆம்பியர் மீட்டரை நேராகச் செல்லின் இரண்டு முனைகளிலும் ஒரு கணம் வைத்து, அதாவது கிட்டத்தட்ட ஷார்ட் செய்து, முள் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்பார்கள். புது செல் 30 ஆம்பியர் அளவுக்குப் பாயும், தளர்ந்தது பத்தையே தாண்டாது. உள்தடையை அளக்க இதைவிட நேரடியான வழி கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இந்த ஆம்பியர் சோதனை அந்தக் கால உலர் செல்லுக்கு மட்டுமே. லித்தியம் அயான் செல், கார் பேட்டரி, நிக்கல் காட்மியம் செல் எதிலும் இந்த மீட்டரை வைக்கவே கூடாது. அவற்றின் உள்தடை மிகமிகக் குறைவு, கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். மீட்டர் ஒரு நொடியில் கருகும், ஒயர் பழுக்கும், கை வேகும்.

அடுத்து வால்வு ரேடியோக் காலம், அதாவது டிரான்சிஸ்டருக்கு முன் கண்ணாடிக் குழல்களில் ரேடியோ ஓடிய காலம். முகப்பில் ஏ, பி, சி என்று எழுதியிருந்தால் அது இன்றைய செல் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ஏ பேட்டரி வால்வின் இழையைச் சூடாக்க, பி பேட்டரி உயர் அழுத்தம் கொடுக்க, சி பேட்டரி வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையான கிரிட்டுக்கு. அதனால்தான் 45, 67.5, 90 என்ற விநோதமான வோல்ட் எண்களைப் பார்க்கிறோம். 1.5 வோல்ட் செல்களை அடுக்கித்தான் அந்த பேட்டரிகளைச் செய்தார்கள், 45ஐ 1.5ஆல் வகுத்துப் பாருங்கள், 30 செல்.

22.5 வோல்ட் என்று ஒரு குறி இருந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1954இல் விற்பனைக்கு வந்த ரீஜன்சி டிஆர்-1, முதன்முதலாகக் கடைக்கு வந்த டிரான்சிஸ்டர் ரேடியோ, ஓடியது 22.5 வோல்ட் பேட்டரியில். கேமராவின் பிளாஷ் கன்களும் அதையே பயன்படுத்தின. பின்னால் 9 வோல்ட் பேட்டரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆனாலும் மைக்ரான்டா பெயரில் அமெரிக்க மின்னணுக் கடைத்தொடரான ரேடியோ ஷேக் விற்ற வீட்டு டெஸ்டர்கள் போன்றவற்றில் ஏஏ, சி, டி, 9 வோல்ட் வரிசையோடு 22.5ஐயும் விடாமல் வைத்திருந்ததைப் பார்க்கலாம். இந்தத் தலைமுறை டெஸ்டர்தான் புதியவர்களுக்கு ஏற்றது. பிளாஸ்டிக் பெட்டி, நகரும் கை அல்லது திருகு சுவிட்ச், பெரிய தெளிவான முகப்பு, இன்றைய செல்களில் பாதிக்கு மேல் அப்படியே பொருந்தும்.

1990களில் வந்த ஒரு வகையையும் இதோடு சேர்த்துக்கொள்வேன், முள் இல்லாவிட்டாலும். டியூராசெல் போன்ற செல்களின் மேலேயே ஒரு பட்டை ஒட்டியிருக்கும், இரண்டு முனையிலும் விரலை அழுத்தினால் மஞ்சள் கோடு ஓடும். அதற்குள் இருப்பது ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் போகும் கடத்தும் பட்டை, மேலே சூட்டில் நிறம் மாறும் மை. ஒடுங்கிய இடம் சீக்கிரம் சூடாகும், அகலமான இடம் சூடாக அதிக மின்னோட்டம் வேண்டும். செல் வலுவாக இருந்தால் நிறம் முழு நீளத்துக்கும் போகும், தளர்ந்திருந்தால் பாதியில் நிற்கும். பாருங்கள், அந்தப் பட்டையே சுமை. கொள்கை அதே பழைய கொள்கைதான்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் டெஸ்டரை இடமும் வலமும், மேலும் கீழும் மெதுவாகச் சாயுங்கள். முள் லேசாக ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் நல்லது. ஓரிடத்தில் சிக்கினால் உள்ளே தூசியோ இரும்புத் துகளோ புகுந்திருக்கலாம், அல்லது தாங்கு முனை தேய்ந்திருக்கலாம். மலிவான டெஸ்டர்களிலும் சட்டைப்பை மீட்டர்கள் பலவற்றிலும் இருப்பது நகரும் இரும்பு வகை. அதன் முள் துள்ளித் துடிக்கும், அளவுகோலின் ஆரம்பத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். நல்ல டெஸ்டர்களில் நகரும் சுருள் வகை, 1882இல் தார்சோன்வால் வடிவமைத்த கால்வனோமீட்டரின் வழிவந்தது. ஒரு நிலைக்காந்தத்தின் நடுவே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், மின்னோட்டம் பாய்ந்தால் திரும்பும், சுருள்வில் அதைத் திருப்பி இழுக்கும். அதன் கோடுகள் சீராக இருக்கும், முள் பதற்றமில்லாமல் நகரும். இதில் செல்லைத் தலைகீழாக வைத்தால் முள் இடப்பக்கம் முட்டும், உடனே எடுத்துவிடுங்கள்.

முள் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? வீணாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நான் வாங்கிய ஒரு டெஸ்டரை ஆசையாக உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வைத்தேன், முள் நடுவில் போய் நின்றுகொண்டது, செல்லே வைக்காமல்! விரலைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனால் கூடவே வருகிறது. பிளாஸ்டிக் மூடியைத் தேய்த்ததால் ஏறிய நிலைமின்சாரம்தான் காரணம். வாயால் அதன்மேல் ஒரு ஈர ஊதல், முள் தொப்பென்று சுழியில் விழுந்தது. திரும்பத் திரும்ப வந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தை நிறைய தண்ணீரில் ஒரு சொட்டு கலந்து, மூடியின்மேல் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால் போதும்.

அடுத்து தகடுகள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அல்கலைன் செல் கசிந்த தடம். அது காரத்தன்மை உள்ளது, பஞ்சுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும், பிறகு தண்ணீர் தொட்டு ஒரு துடைப்பு, ஈரம் போக உலர்த்தல். பழைய துத்தநாகக் கார்பன் செல்லின் கசிவோ அமிலத்தன்மை உள்ளது, அதற்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூச வேண்டும். திருகு சுவிட்ச் கரகரத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்புங்கள். பேக்கலைட் என்ற பழைய கால கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சில பழைய பேக்கலைட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தாலே அது அழகாகப் பளபளக்கும்.

கடைசியாக, டெஸ்டர் சொல்வது சரியா என்று சோதிக்க வேண்டும், ஏனென்றால் பழைய கார்பன் மின்தடைகள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மதிப்பு ஏறிவிடும். மதிப்பு ஏறினால் சுமை குறையும், சுமை குறைந்தால் தளர்ந்த செல்லும் பச்சையில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டாம். மல்டிமீட்டரை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்து, நல்ல செல்லுக்கும் டெஸ்டருக்கும் நடுவே தொடராக இணையுங்கள். 0.12 ஆம்பியர் ஓடுகிறது, டெஸ்டரின் முனைகளில் வோல்ட்டேஜ் 1.48 என்றால், 1.48ஐ 0.12ஆல் வகுத்தால் சுமார் 12 ஓம், அதுதான் உங்கள் டெஸ்டரின் சுமை. அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். என்னிடம் இருப்பவை எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறேன். ஒரே செல்லை ஒரு டெஸ்டர் பச்சை என்றும் இன்னொன்று மஞ்சள் என்றும் சொன்னால், காரணம் அந்தத் துண்டுத்தாளிலேயே இருக்கும்.

இன்றைய செல்களை வைக்கும்போது

அந்த முகப்பின் வண்ணங்கள் துத்தநாகக் கார்பன் செல்லையும், 1950களின் கடைசியில் வந்த அல்கலைன் செல்லையும் மனதில் வைத்துப் பூசியவை. இந்த இரண்டும் மெல்ல மெல்ல வோல்ட்டேஜ் இறங்கி, 0.9க்கு அருகில் உயிரை விடும், அதனால் முள்ளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் அப்படி இல்லை, அது தன் ஆயுளின் பெரும்பகுதியை 1.2 வோல்ட்டிலேயே கழிக்கும். நன்றாகச் சார்ஜ் ஏறிய செல்லையும் பழைய டெஸ்டர் மஞ்சளில் நிறுத்தும், பயப்படாதீர்கள். லித்தியம் ஏஏ இதற்கு நேர்மாறு, கிட்டத்தட்டக் கடைசி வரை பச்சை காட்டிவிட்டுத் திடீரென்று விழும், அதற்கு இந்தச் சோதனையால் பெரிதாகப் பயன் இல்லை. யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் செல்லுக்குள் ஒரு சின்ன மின்சுற்றே உட்கார்ந்து வோல்ட்டேஜைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் முள்ளுக்குப் பிடிகொடுக்காது.

பொத்தான் செல்லில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சிஆர்2032 போன்ற 3 வோல்ட் செல்லின் உள்தடை புதிதாக இருக்கும்போதே பத்துப் பதினைந்து ஓம். அதை ஏஏ இடத்தில், 10 ஓம் சுமையில் வைத்தால் 1.2 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும், நீங்களும் நல்ல செல்லைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். டெஸ்டரில் பொத்தான் செல்லுக்கென்று தனி இடம் இருந்தால் மட்டும் வையுங்கள். 18650 மாதிரியான லித்தியம் அயான் செல்லை வைக்கவே வேண்டாம். 4.2 வோல்ட் அந்த 10 ஓமில் பாய்ந்தால் 1.7 வாட்டுக்கு மேல் சூடு, உள்ளே இருக்கும் கால் வாட், அரை வாட் மின்தடை புகைந்துவிடும்.

செல்லை மேசையில் செங்குத்தாகப் போட்டு, துள்ளினால் காலி என்று சொல்லும் வித்தை ஒன்று உண்டே, அதைப் பற்றியும் கேட்பார்கள். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதை முறையாக ஆராய்ந்தார்கள். அல்கலைன் செல்லுக்குள் இருக்கும் துத்தநாகக் கூழ், செல் தீரத் தீர ஆக்சைடாகி இறுகுவதால் துள்ளல் கூடுவது உண்மைதான், ஆனால் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய் நின்றுவிடுகிறது. துள்ளுகிறது என்றால் புதுசு இல்லை என்று சொல்லலாம், காலி என்று சொல்ல முடியாது.

டெஸ்டர் கைக்கு வந்த முதல் நாள் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் கிடக்கிற ஏஏ செல்களை எல்லாம் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக வையுங்கள், மூன்று குவியலாகப் பிரியும். பச்சையில் நிற்பவை டார்ச்சுக்கும் மோட்டார் பொம்மைக்கும், அவை நிறைய மின்னோட்டம் இழுப்பவை, உள்தடை ஏறிய செல்லை அவற்றில் போட்டால் நாலு நிமிடம்தான். மஞ்சள் ரிமோட்டுக்கு, ஜோடி சேர்க்கும்போது மட்டும் முள் ஒரே இடத்தில் நிற்கும் இரண்டை ஒரே வகையாகப் பார்த்துச் சேருங்கள், வலுவானதோடு தளர்ந்ததைப் போட்டால் தளர்ந்தது சீக்கிரம் கசியும். சிவப்பின் விளிம்பில் நிற்பதைத் தூக்கிப் போடாமல் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள். அது நொடிக்கு ஒரு முறை ஒரு சின்னத் துடிப்பு மட்டும் கேட்கும், சராசரியாக ஒரு மில்லிஆம்பியர்கூட இழுக்காது. என் அறைக் கடிகாரத்தில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது அந்த மாதிரி ஒரு செல்தான், போட்டு நாலு மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன்.